மேலே மேடை, கீழே ஓடை

கல்யாணமாகி போடியிலிருந்து கேரளத்து மறையூருக்கு வந்த இரண்டாவது மாதம். தண்டோராக்காரர் எங்கள் தெருவில் வந்து நின்று, "நாளைக்குக் காலைல பள்ளிக்கூடத்துல யோகம்! ஆம்பள பொம்பள எல்லாரும் வரணும்!" என்று கூவிவிட்டுப் போனார். யோகம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜாதகத்தில் வருகிற யோகம்தான். பெரிய ஜோசியர் யாரோ ஊருக்கு வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "அத்தை, என் ஜாதகம் டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கு. எடுத்து வைக்கவா?" என்று மாமியாரிடம் கேட்டேன்.

மாமியார் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர்தான்.

"அடியே, யோகம்னா மலையாளத்துல மீட்டிங்குடி! கெவுருமெண்டுல ஊருக்குக் கிராண்டு குடுத்திருக்காகளாம். அத வச்சு என்ன கட்டுறதுன்னு ஊரே சேந்து முடிவு பண்ணணுமாம்."

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. தண்ணீருக்குப் போனால், "என்ன பொண்ணு, ஜாதகம் பாத்தாச்சா?" என்று ஒவ்வொருத்தியும் கேட்டாள். புது மருமகள் என்கிற கூச்சம் எனக்குப் போனது அன்றைக்குத்தான். இவ்வளவு பேர் நம்மைப் பார்த்துச் சிரித்த பிறகு என்ன கூச்சம்?

எழுபதுகளில் எங்கள் ஊரைச் சுற்றிக் கரும்புதான். மாமனார் வெல்லம் காய்ச்சுகிறவர். பகலெல்லாம் ஆலைக் கொட்டகையில் கொப்பரைக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து நிற்பார். வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனித் திருவிழா நாடகத்தில், ராஜா வேஷம் கட்டுவார். அந்த ஒரு நாளுக்காகத்தான் அவர் மற்ற நாளெல்லாம் வாழ்கிறார் என்று மாமியார் சொல்வார். மேடை என்று ஒன்று ஊரில் கிடையாது. கோயில் மைதானத்தில் கல்லடுக்கி, அதன்மேல் இரவல் பலகையைப் போட்டு நடிப்பார்கள். முந்தின வருஷம் தர்பார் காட்சியில் பலகை முறிந்து ராஜாவின் ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டதாம். காலை வெளியே எடுக்காமலே, மிச்ச வசனம் முழுவதையும் அவர் பேசி முடித்தாராம். சனம் கைதட்டியது. ஆனால் அவருக்கு அது ஆறவில்லை. கிராண்டு என்ற சொல் காதில் விழுந்த நிமிஷமே, அவர் மனசுக்குள் சிமெண்டு மேடை எழும்பிவிட்டது.

பெண்களுக்கு வேறு கவலை. நாங்கள் குளிப்பது, துவைப்பது எல்லாம் ஓடையில். ஓடைக்கு எதிரே மலையை வளைத்துக்கொண்டு மூணாறு பஸ் போகிற ரோடு. வளைவில் பஸ் திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஓடை முழுவதும் தெரியும். அதனால் விடிவதற்கு முன்பே குளித்துவிட்டு வந்துவிட வேண்டும். அந்த நேரத்துத் தண்ணீர், மேலே பட்டால் எலும்புக்குள் இறங்கும். வந்த புதிதில் ஒருநாள் நான் கொஞ்சம் தாமதமாகப் போய்விட்டேன். முகமெல்லாம் சோப்பு. ஹாரன் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டார்கள். நான் மட்டும் கண்ணைத் திறக்க முடியாமல், கையை நீட்டித் தடவிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தே நடந்திருக்கிறேன். பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். அன்று அழுதேன்.

தண்டோரா போட்ட அன்றைக்கே மத்தியானம், பிளாக் ஆபீஸிலிருந்து கிராமசேவிகா எங்கள் வீட்டுக்கு வந்தார். கிராமத்துப் பெண்களைப் பார்த்துப் பேசுவதற்கென்றே சர்க்கார் வைத்திருந்த வேலை அது. கோட்டயம் பக்கத்துப் பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை. ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி வந்திருந்தார். மாமியார் கொடுத்த சூடான வெல்லப் பாகை விரலால் தொட்டு நக்கிக்கொண்டே, "அம்மா, பெண்ணுங்க எல்லாரும் வரணும். வந்து சும்மா நிக்கக் கூடாது. பறையணும்," என்றார்.

"நாங்க பேசினா எங்க வீட்டு ராசா கோவிச்சுக்குவாரே," என்றார் மாமியார்.

"ராஜாவா? ஏது ராஜா?"

மாமியார் ஆலைக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். இடுப்பில் துண்டு, தலையெல்லாம் சாம்பல், கையில் பாகு கிண்டும் துடுப்போடு மாமனார் நின்றிருந்தார். சேவிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ராஜா இருக்கட்டே. ராணியும் வரணும்."

மறுநாள் பள்ளிக்கூடம் நிரம்பிவிட்டது. ஆண்கள் பெஞ்சில். பெண்கள் வெளியே, ஜன்னலோரமாகச் சுவரை ஒட்டி. பஞ்சாயத்து மெம்பர், ஓவர்சியர், சேவிகா மூவரும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஓவர்சியர்தான் முதலில் பேசினார். ஒரு ஊருக்கு ஒரு வேலைக்குத்தான் கிராண்டு, எது வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள் என்றார்.

மாமனார் எழுந்தார். தொண்டையைச் செருமினார். அப்புறம் பேசியது அவரில்லை, ராஜாதான். "கலை வளர்த்த ஊரய்யா இது! இந்த ஊருக்கு ஒரு மேடை இல்லை என்றால், வெளியூர்க்காரன் என்ன நினைப்பான்?" என்று அவர் கையை வீச, பெஞ்சுகள் அதிர்ந்தன. ஆண்கள் எல்லோரும், "மேடைதான்! மேடைதான்!" என்றார்கள். ஓவர்சியர் எழுதப் போனார்.

சேவிகா அவர் பேனாவின் மேல் கையை வைத்தார். ஜன்னலைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

முந்தின நாள் வரை ஓடைக்கரையில் சண்டமாருதமாகப் பேசியவர்கள் எல்லாம் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார்கள். என் மாமியார் என் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். "பெரிய படிப்புப் படிச்சவ நீதானடி, சொல்லு."

"குளிக்க…" என்றேன். அதோடு நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது; ஆண்களுக்கு. மாமியார் என்னை நகர்த்திவிட்டு, வாசல் வழியாக நேராக உள்ளே போனார். "என்ன சிரிப்பு? உங்க வீட்டுப் பொம்பளைக இருட்டுல போயி நடுங்கிக்கிட்டுக் குளிச்சிட்டு வாராகளே, அது சிரிப்பா? பஸ்ஸு வந்தா பாறைக்குப் பின்னாடி ஓடுறோமே, அது சிரிப்பா? ஓடையில ஒரு மறைப்பு கட்டிக் குடுங்க. வெயில் ஏறினப்புறம் மனுசி மாதிரி குளிக்கணும். அம்புட்டுத்தான்."

அவருக்குப் பின்னாலேயே மற்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். மெம்பர் கை தூக்கச் சொல்லிப் பார்த்தார். அது சரிவரவில்லை. பெண்டாட்டி முறைத்தால் புருஷன் கை இறங்கியது. புருஷன் முறைத்தால் பெண்டாட்டி கை பாதியில் நின்றது. ஒருவர் இரண்டுக்கும் தூக்கினார். கேட்டால், "ரெண்டும் நல்லதுதானங்க," என்றார்.

சேவிகா குடையால் மேஜையைத் தட்டினார். "கை வேண்டாம். கால் மதி, கால் போதும். எது வேணுமோ, அது எங்கே வேணுமோ, அந்த இடத்தில் போய் நில்லுங்க. நாங்க வந்து பாக்கறோம்."

பள்ளிக்கூடம் காலியானது. ஆண்கள் ஒரு பக்கம் மைதானத்துக்கு நடந்தார்கள். நாங்கள் ஓடைக்கு இறங்கினோம். வழியில் வீட்டுக்குள் இருந்த பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டோம். மாவு பிசைந்த கையோடு ஒருத்தி வந்தாள். இடுப்பில் பிள்ளையோடு இரண்டு பேர். நாங்கள் எப்போதும் குளிக்கும் மடுவில், முழங்கால் தண்ணீரில் போய் நின்றோம். வெயில் சுள்ளென்று முதுகில் விழுந்தது. அந்த நேரத்தில் அந்த ஓடைத் தண்ணீர் எவ்வளவு இதமாக இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. யாரோ யார் மேலேயோ தண்ணீரை வாரி இறைத்தார்கள். அப்புறம் எல்லோரும் இறைத்தோம்.

தலைக்கு மேலே சத்தம் கேட்டு நிமிர்ந்தால், கரை விளிம்பில் மாமனார். அவருக்குப் பின்னால் ஊர் ஆண்கள் அத்தனை பேரும்.

"நீங்க என்ன இங்க வந்து நிக்கிறீக?" என்று கத்தினார் மாமியார்.

"நாங்க எங்க எடத்துல நிக்கிறோம். மேடை இங்கதான் வரணும். அப்பத்தான் மைதானம் பூராவும் சனம் உக்கார முடியும். நீ என்ன எனக்குக் கீழ வந்து நிக்கிற?"

"உங்களுக்குக் கீழயா? நான் என் எடத்துல நிக்கிறேன்!"

மேலேயும் கீழேயும் ஒரே சிரிப்பு. அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. மைதானம் முடிகிற விளிம்பில்தான் அவர்கள் கேட்ட மேடை. அந்த விளிம்புக்கு நேர் கீழே நாங்கள் கேட்ட மறைப்பு. நடுவில் இருந்தது மண்சரிவு ஒன்றுதான். அதுவும் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஓடையில் விழுந்துகொண்டிருந்தது.

ஓவர்சியர் விளிம்பில் குந்தி உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தார். காலால் மண்ணை உதைத்தார்; ஒரு கட்டி பெயர்ந்து எங்கள் பக்கத்தில் விழுந்தது. "இந்த மண்ணுல மேடை நிக்காது. முதல்ல ஓடையிலேருந்து கருங்கல் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பணும்," என்றார்.

சேவிகா ஓடைக்குள் எங்களோடு நின்றிருந்தார். செருப்பைக் கையில் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "சாரே, அந்தச் சுவர் இவங்களுக்கு ஒரு பக்கத்து மறைப்பு ஆகுமல்லே? ரோட்டுப் பக்கம் இன்னொரு சுவர் வச்சா போதுமே. எல்லாம் சேர்ந்து ஒரு வேலைதானே?"

ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு அவர் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு வேலைதான். தடுப்புச் சுவர்னு எழுதிக்கலாம்."

அத்தோடு எல்லோரும் கலைந்துபோயிருப்பார்கள் என்று நினைத்தால் தப்பு. அதற்கப்புறம்தான் பேச்சே சூடு பிடித்தது. ஓடை மணலில் ஓவர்சியர் குச்சியால் படம் போட்டார். மறைப்புக்கு வாசலைப் பாதைப் பக்கம் வைத்திருந்தார். பெண்கள் அதை அழித்துவிட்டு, மேற்கே மரத்தடிப் பக்கமாக வைத்தார்கள். கூரை போடக் கிராண்டு போதாது என்றார். கூரையே வேண்டாம், வெயில் உள்ளே விழட்டும் என்றோம். ஆனால் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தால்? மேடையின் பின்சுவர் ஆள் உயரத்துக்கு மேல் போக வேண்டும், ஜன்னல் கூடாது என்றார் மாமியார்.

"வேஷம் கட்டுறவன் பின்னாடி வழியாத்தான வரணும்?" என்றார் மாமனார்.

"ராசா பக்கவாட்டுல வரட்டும். ஒண்ணும் கொறஞ்சு போயிறாது."

"நாடகம் நடக்கும்போது கீழ துணியப் போட்டு அடிக்கக் கூடாது. வசனம் கேக்காது."

"நாடகம் நடக்கும்போது நாங்க ஏன் கீழ இருக்கோம்? மேல வந்து பாக்க மாட்டோமா? எங்களுக்கும் முன்வரிசையில பாதி எடம் வேணும். பின்னாடி உக்காந்தா உங்க தலைப்பாகைதான் தெரியுது."

இது யாரும் எதிர்பாராத கோரிக்கை. ஓவர்சியர், "இதையும் நான் எழுதணுமா?" என்று கேட்டார். சேவிகா, "எழுதுங்க சாரே," என்றார். எழுதினார்.

கரும்பு வெட்டு ஓய்ந்த நாட்களில் வேலை தொடங்கியது. கரும்பு ஏற்றிய வண்டிகளிலேயே கல் வந்தது. கொத்தனார் மட்டும் வெளியாள்; மண் சுமந்தது, கல் எடுத்துக் கொடுத்தது எல்லாம் நாங்கள்தான். சேவிகா வரும்போதெல்லாம் புடவையைச் செருகிக்கொண்டு ஒரு சட்டி மண்ணாவது சுமப்பார். எங்களோடு புழங்கி அவர் தமிழும் மாறிவிட்டது. ஒருநாள் ஓவர்சியரைப் பார்த்து, "இங்கிட்டு வாங்க, இந்தக் கல்லு ஆடுது," என்றார். அவர் திகைத்துப்போனார்.

பங்குனித் திருவிழா அன்று காலையில் திறப்பு. பிளாக் ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். மேடையில் முதலில் யார் ஏறுவது என்று ஆண்களுக்குள் ஒரு வாக்குவாதம். அவர்கள் முடிவு செய்வதற்குள் மாமியார் பத்துப் பதினைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு பக்கவாட்டுப் படி வழியாக மேலே ஏறிக் கும்மி அடிக்கத் தொடங்கிவிட்டார். நானும் போனேன். புதுச் சிமெண்டு காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கீழே மாமனார் ராஜா உடையில், கிரீடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் மேடைக்கு ஏறி, வசனம் சொல்வதற்கு முன்னால் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு மிதி. சனம் விசிலடித்தது. முன்வரிசையின் பாதியில் நாங்கள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தோம்.

மறுநாள் சாவகாசமாக வீட்டு வேலையை முடித்துவிட்டு, நல்ல வெயில் ஏறிய பிறகு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடைக்குப் போனோம். தெருவில் பாதிப் பெண்கள் அங்கே இருந்தார்கள். கருங்கல் சுவர் வெயிலில் காய்ந்து, சாய்ந்தால் முதுகுக்குக் கதகதப்பாக இருந்தது. மாமியார் என்னைக் கல்லில் உட்கார வைத்துத் தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டார். யாருக்கும் அவசரமில்லை. யாரோ ஒருத்தி மாவிளக்கு கொண்டுவந்திருந்தாள். ஈரக் கையோடு ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளித் தின்றோம்.

"அடுத்த கிராண்டுக்கு என்ன கேக்கலாம்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மொதல்ல தலையைத் தொவட்டு, அப்புறம் பேசலாம்," என்றார் மாமியார். ஆனால் தலை துவட்டி முடிவதற்குள் அங்கே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், நானும் சொன்னேன்.