தேர்நாளில் எழுதிய முறைப்பாடு

2018 செப்டம்பர், முதல் சனிக்கிழமை, காலை ஒன்பதரை. ஃபிலடெல்ஃபியாவில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு, தூத்துக்குடி திரும்பும் வழியில் பாரிஸில் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து கார் து நோர் நிலையம் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். ரயில் கட்டணம் பத்து யூரோ முப்பது சென்ட். என் பழைய மாணவனின் மாமியார் தவராணி நடைமேடையில் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வீடு புறநகரான திரான்சியில், பக்கத்து ஒபர்வில்லியேயில் ஒரு கிடங்கில் பொதி கட்டும் வேலை.

அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெரு ஐந்து நிமிட நடை. மறுநாள் பிள்ளையார் கோவில் தேர் என்பதால் கடை வாசல்களில் வாழைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் உட்கார்ந்தோம். வடை ஒரு யூரோ, தேநீர் ஒன்று இருபது.

"அமெரிக்காவிலை என்ன பாத்தனீங்கள், சேர்?"

நான் கத்தோலிக்கன், வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். பார்த்ததில் மறக்க முடியாதது ஒரு தேவாலயம் என்றேன். 1844இல் ஃபிலடெல்ஃபியாவில், அந்த மண்ணிலேயே பிறந்த புராட்டஸ்டண்டுகளுக்கும், கப்பலில் வந்திறங்கிய ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்கும் பகை முற்றியிருந்தது. பள்ளியில் எந்த பைபிளை வாசிப்பது என்ற தகராறு தெருச்சண்டையானது. வந்தேறிகளின் வீடுகளையும் இரண்டு தேவாலயங்களையும் கொளுத்தினார்கள். நான் ஜெபித்தது, எரிந்த இடத்திலேயே திரும்பக் கட்டியதில். பிறகு கூடிய விசாரணைக் குழு ஐரிஷ்காரர்கள் மீதே பழியைப் போட்டது.

தவராணி கோப்பையைக் கீழே வைத்தார். "எரிச்சதும் அவை, எழுதினதும் அவையோ? எரிஞ்ச ஆக்கள் சும்மாவோ இருந்தவை?"

"இல்லை. அந்தத் தேவாலயத்தின் துறவிகள் நகரத்தின் மேல் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார்கள்."

"அது வேலை!" என்றார்.

ஞாயிறு, காலை பதினொன்று. தெரு முழுக்கச் சூறைத் தேங்காய்க் குவியல்கள். தார்ச்சாலையில் மஞ்சள் தண்ணீர். பிரெஞ்சுக்காரர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காவடியைக் காட்டினார்கள். பாரிஸ் தன் தெருக்களை ஒரு நாள் பிள்ளையாருக்குக் கொடுத்திருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. தவராணி ஆரஞ்சு மேலங்கி அணிந்த தொண்டர்களில் ஒருவர்.

பன்னிரண்டரைக்கு, நடைபாதையிலிருந்து இரண்டு ஆட்கள் பாய்ந்தார்கள். "உங்கள் நாட்டுக்குப் போங்கள்!" என்று பிரெஞ்சில் கத்தியபடி, கும்பம் வைத்திருந்த மேசையை ஒருவன் உதைத்தான். கும்பம் உருண்டது. பக்கத்தில் நின்ற சுகந்தி என்ற பெண் விழுந்து முழங்கையில் ரத்தம். நம் இளைஞர்கள் பத்துப் பேர் பாய்ந்தார்கள்.

தவராணி குறுக்கே போனார். அந்த இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, நம்மவர்களைப் பார்த்துக் கையை விரித்தார்.

"தம்பியவை, உடைக்க வேணுமெண்டால் தேங்காயை உடையுங்கோ!"

ஒருவன் தடுமாறி நின்றான். இன்னொருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய்கள் சிதறின. அதற்குள் போலீசார் இருவரையும் பிடித்தார்கள். தேர் நகர்ந்தது.

பிற்பகல் மூன்றரை, போலீஸ் நிலையம். நல்ல நாளில் புகார், அவர் சொல்லில் முறைப்பாடு, எதற்கு என்று நானே தவராணியிடம் கேட்டேன்.

"எழுதாட்டி நடக்கேல்லை எண்டு ஆகிடும், சேர்."

சுகந்தி தயங்கினார். "எனக்கேன் அக்கா வில்லங்கம்? கார்ட் புதுப்பிக்கக் குடுத்திருக்கிறன்." வதிவிட அட்டை கைக்கு வரும்வரை போலீஸ் பதிவேட்டில் பெயர் ஏறக்கூடாது என்ற பயம்.

"ஓம், உனக்குப் பயமெண்டால் இரு. நான் கண்ணாலை கண்டனான், நான் சொல்லுறன்."

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். இளம் அதிகாரி மரியாதையாகவே கேட்டார். தவராணி தன் நீண்ட பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அதிகாரி தவறாகத் தட்டச்சு செய்தபோது திருத்தினார். இரண்டாவது முறையும் திருத்தினார்.

"நாட்டுரிமை?"

"பிரான்சேஸ்" என்றார் தவராணி. பிரெஞ்சுக்காரி.

சுகந்தி தன் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தார். "அக்கா, என்ரை பேரையும் போடச் சொல்லுங்கோ."

திங்கள் மதியம் விமானம் ஏறினேன். எங்கள் ஊர்ப்பக்கமும் ஊர்வலங்கள் மோதிக்கொண்ட தெருக்கள் உண்டு. ஒருமுறை என் வாசலிலேயே ஒரு கடையை அடித்து நொறுக்கினார்கள். ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்தேன். போலீசார் வந்து கேட்டபோது, தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன்.