எடைமேடை எழுத்தரும் அறுபதாயிரம் சொற்களும்

ஜனவரி 31. 3,107. 3,240.
பிப்ரவரி 28. 2,894. 3,060.
மார்ச் 31. 3,215. 3,380.
ஏப்ரல் 30. 3,041. 2,980.
மே 31. 2,976. 3,420.
ஜூன் 30. 3,133. 3,160.

தேதிக்கு அடுத்து இருப்பது, அந்த மாதம் நிகரம் தம் நாவலில் எழுதிய சொற்களின் எண்ணிக்கை. அதற்கடுத்து இருப்பது, இரவுக்காரர் தம் நாவலில் எழுதியதாகத் தபால் அட்டையில் தெரிவித்த எண்ணிக்கை.

நிகரம் என்பது பட்டப்பெயர். சரக்கு லாரிகளுக்கு எடை பார்க்கும் எடைமேடையில் அவர் முப்பத்தொரு ஆண்டுகள் பகல்நேர எழுத்தராக இருந்தார். லாரி சரக்கோடு மேடை ஏறும்போது ஓர் எடை. இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் நிகரம். ஓட்டுநர்கள் மழைக் கதை, டயர் வெடித்த கதை, மாமனார் வீட்டுக் கதை என்று எதை எடுத்தாலும், "அதெல்லாம் இருக்கட்டும், நிகரம் என்ன?" என்று கேட்பார். பெயர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இரவுக்காரர் அதே மேடையில் இரவுநேர எழுத்தர். அத்தனை ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று, பதிவேட்டைக் கைமாற்றிக் கையெழுத்துப் போடுகிற நேரம்தான் பழக்கம். அந்தப் பதிவேட்டின் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. நிகரம் அதில் எப்போதும் 'இல்லை' என்று எழுதுவார். இரவுக்காரர் இப்படி எழுதுவார்: 'ஓட்டுநர் மேடையிலேயே உறங்கிவிட்டார். எழுப்ப மனம் வரவில்லை. பதினொரு நிமிடம் கழித்து எடை எடுக்கப்பட்டது.' இன்னொரு நாள்: 'வண்டியில் கைக்குழந்தை இருந்தது. அதுவும் எடையில் சேர்ந்திருக்கும்.'

காலையில் வந்ததும் நிகரம் எண்களைச் சரிபார்க்கும் முன்னால் அந்தக் கட்டத்தைத்தான் படிப்பார். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டுப் படித்தது அது ஒன்றுதான்.

இருவருக்கும் ஒரே டிசம்பரில் ஓய்வு. கடைசியாகப் பதிவேடு கைமாறியபோது நிகரம் சொன்னார்: "அண்ணே, நீங்க ஒரு நாவல் எழுதணும்."

"எழுதறேன். நீயும் எழுதறதா இருந்தா."

"எனக்கு என்ன தெரியும்?"

"எண்ணத் தெரியுமில்ல? அறுபதாயிரம் சொல் எண்ணி முடிச்சா அதுக்குப் பேரு நாவல்தான்."

மாதக் கடைசியில் எண்ணிக்கையை மட்டும் அட்டையில் எழுதி அனுப்ப வேண்டும். இருவரும் அறுபதாயிரத்தைத் தாண்டியதும் நாவல்களை மாற்றிக்கொள்ள வேண்டும். இதுதான் ஒப்பந்தம். நிகரத்துக்குத் தம் நாவலைப் பற்றி எந்தக் கனவும் கிடையாது. இரவுக்காரரின் நாவலைப் படிக்க வேண்டும்; அதற்கு இதுதான் நுழைவுச்சீட்டு.

ஓய்வு பெற்றதில் நிகரத்துக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது எல்லாமே. மகள் தொலைபேசியில் சிரித்தால் இவரும் சிரிப்பார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரியும், அவ்வளவுதான். காலை ஒன்பது மணிக்கு ஜன்னலோர மேசையில் உட்காருவார். பாலம் கட்டும் இடத்தில் வேலையாட்களுக்குச் சமைத்துப் போடும் ஒரு பெண்ணைப் பற்றியது நாவல். பதினொன்றுக்கு எழுந்திருப்பார். ஒவ்வொரு சொல்லின் கீழும் பென்சிலால் புள்ளி வைத்து எண்ணி, 'எழுதியது, அடித்தது, நிகரம்' என்று மூன்று கட்டத்தில் பதிவார். உற்சாகம் வந்தது என்று சொன்னால் அது பொய். உட்கார்ந்தார், எழுதினார், எண்ணினார்.

"இன்னிக்கு எத்தனைங்க?" என்பார் மனைவி, சமையலறையிலிருந்து.

"தொண்ணூத்தெட்டு."

"நேத்து நூத்திப் பத்துன்னீங்களே. விலை இறங்கிடுச்சா?"

சில நாள் ஒரு சொல்லும் வராது. அப்போது இரவுக்காரரின் கடைசி அட்டையை எடுத்துப் பார்ப்பார். 3,420. அங்கே மூவாயிரத்து நானூற்று இருபது சொற்கள் காத்திருக்கின்றன. மறுபடியும் பேனாவைத் திறப்பார்.

மறு ஆண்டு பிப்ரவரி முடிந்தபோது அவர் கணக்கில் 43,118 சொற்கள் சேர்ந்திருந்தன. இரவுக்காரரின் எண்களை அதுவரை பக்கத்தில் எழுதி வைத்ததோடு சரி, கூட்டிப் பார்த்ததில்லை. எப்போது அறுபதாயிரத்தைத் தொடுவார் என்று தெரிந்துகொள்ளக் கூட்ட ஆரம்பித்தார். தம் வரிசையைக் கூட்ட நான்கு நிமிடம் பிடித்தது. இரவுக்காரரின் வரிசை ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஏன் என்று பார்த்தார். பதினான்கு எண்ணிலும் கடைசி இலக்கம் பூஜ்யம். அதற்கு முந்தியது எல்லாம் இரட்டைப்படை.

அந்த எடைமேடை இருபது கிலோவுக்குக் குறைந்த வித்தியாசத்தைக் காட்டாது. முப்பத்தொரு ஆண்டுகளாக அங்கே எழுதப்பட்ட எந்த எடையும் இருபதால் வகுபடும். சொற்கள் அப்படி வந்து நிற்காது. எண்ணாமல் கை போன போக்கில் எழுதினால், பழகிய கை அங்கேதான் போய் நிற்கும்.

நிகரம் பதினான்கு அட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, முதன்முறையாக இரவுக்காரர் வீட்டுக்குப் போனார்.

மருமகள் கதவைத் திறந்து உள்ளே குரல் கொடுத்தார்: "மாமா, உங்க ஆபீஸ்காரர் வந்திருக்கார்."

இரவுக்காரர் பால்கனியில் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "வா வா. கையெழுத்துப் போட எதுவும் இல்லையே, எங்க வந்த?"

நிகரம் அட்டைகளை எடுத்து வைத்தார். "அண்ணே, பதினாலு மாசமும் இருபதால வகுபடுது."

இரவுக்காரர் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். "பதினாலு மாசமா ஆச்சு உனக்கு? முன்னாடியெல்லாம் பத்து நிமிஷத்துல பிடிச்சிருப்பியே."

"எழுதினது எத்தனை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லதான். நிகரம் பூஜ்யம். போதுமா?"

"அப்ப எதுக்கு அட்டை போட்டீங்க?"

"உன் அட்டை தவறாம வருது. பதில் போட வேண்டாமா?" இன்னொரு துணியை எடுத்தார். "அங்க வண்டி வந்துச்சு, எழுதினேன். இங்க பேப்பரை விரிச்சு உக்காந்தா எந்த வண்டி வருது சொல்லு. மருமக காய் வாங்கிட்டு வரா. அதை எடை போட்டு எழுதவா?"

"எழுதுங்க மாமா," என்றார் மருமகள் உள்ளிருந்து. "அந்தக் கடைக்காரர் எப்பவும் கம்மியாதான் போடறாரு."

மூவரும் சிரித்தார்கள். நிகரம் டீ குடித்துவிட்டுத் திரும்பினார். கோபம் வரும் என்று பேருந்தில் காத்திருந்தார், வரவில்லை. வழியில் பத்தொன்பது நிறுத்தங்கள். படிக்க வேண்டும் என்று இருந்த ஒரே புத்தகம் உலகத்தில் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

மார்ச் 31. 0. இரவுக்காரரின் அட்டை வரவில்லை.

"இன்னிக்கு எத்தனைங்க?"

"எழுதல."

"நேத்து?"

"எழுதல."

"அப்ப மேசையைக் குடுங்க. துணி மலையா குவிஞ்சு கிடக்கு, இஸ்திரி போடணும்."

நிகரம் மேசையிலிருந்த நாவல் தாள்களை அள்ளி அலமாரிக்குக் கொண்டுபோனார். முதல் தாள் மேலே இருந்தது. 'எந்த வண்டி வருது சொல்லு' என்று இரவுக்காரர் கேட்டது நினைவுக்கு வந்தது. அலமாரியைத் திறக்காமல் திரும்பினார். கட்டிலில் உட்கார்ந்து, முதல் அத்தியாயத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரம் ஒரு கோடு போட்டு, மேலே 'குறிப்பு' என்று எழுதினார். வேறு ஒரு வரியும் சேர்க்காமல் உறையிலிட்டு இரவுக்காரருக்கு அனுப்பினார்.

ஒன்பதாம் நாள் உறை திரும்பி வந்தது. ஓரக் கட்டங்கள் நிரம்பியிருந்தன.

'இந்தப் பெண் காலையிலிருந்து நிற்கிறாள். உட்கார வை.'

'மழை மூன்று பக்கம் பெய்கிறது. நனைந்தவர் ஒருவரும் இல்லை.'

'மேஸ்திரி நல்லவர் என்று நீ சொல்கிறாய். அவர் சாப்பிட்ட தட்டைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.'

நிகரம் மூன்று முறை படித்தார். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. இஸ்திரிப் பெட்டி சூடு ஆறியதும் மேசையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று 212 சொற்கள் எழுதினார்.

அதன் பிறகு ஒன்பது நாளுக்கு ஓர் அத்தியாயம் போனது, குறிப்போடு திரும்பியது. பெண் உட்கார்ந்தாள். மழை ஒன்றரைப் பக்கமாகக் குறைந்தது, மேஸ்திரி நனைந்தார். சில கட்டங்களில் குறிப்பு, பக்கத்தைவிட நன்றாக இருந்தது. நிகரம் அதை அப்படியே பார்த்து எழுதாமல், அது கேட்டதைச் செய்தார். மாதக் கணக்கு குறைந்தது, அடித்தல் கூடியது. அறுபதாயிரம் என்பது மட்டும் மாறவில்லை. அது ஒப்பந்தம்.

நவம்பர் 9 அன்று இருபத்தைந்தாம் அத்தியாயம் முடிந்தது. மொத்தம் 60,204. மறுநாள் தபாலில் சேர்த்தார். பதில் பன்னிரண்டு நாள் வரவில்லை. வந்தபோது ஓரக் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. முதல் பக்கத்தில் மட்டும் எழுதியிருந்தது:

'அவள் பாலத்தைக் கடந்துவிட்டாள். கதை போன அத்தியாயத்தோடு முடிந்தது. இது எண்ணிக்கைக்காக எழுதியது. நானும் அந்த வேலை பார்த்தவன், எனக்குத் தெரியும்.'

நிகரம் அத்தியாயத்தை முதலிலிருந்து படித்துப் பார்த்தார். இரவுக்காரர் சொன்னது சரி. ஸ்கேலை வைத்து ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்குக்கோடு போட்டார். அடித்தது 2,311. நிகரம் 57,893.

"இன்னும் எத்தனை வேணுங்க?" என்றார் மனைவி.

"ரெண்டாயிரத்து நூத்தி ஏழு."

"ஒரு மாச வேலை. எழுதிடுங்களேன்."

"வேண்டாம். முடிஞ்சிருச்சு."

"குறையுதுன்னு சொன்னீங்களே?"

"ஆமா. குறையுது."

இனி அனுப்ப அத்தியாயம் இல்லை, திரும்பி வரக் குறிப்பும் இல்லை. அது நிகரத்துக்குத் தெரிந்தே இருந்தது. நோட்டில் அந்த மாதத்துக்கு நேரே 57,893 என்று எழுதி, அடிக்கோடிட்டார். ஒவ்வோர் உறையின் மூலையிலும் வந்த தேதியைக் குறித்து வைப்பது அவர் வழக்கம். இந்த உறையில் இப்படி எழுதினார்:

கடைசிக் கடிதம் வந்தது, நவம்பர் 22.