எண்ணெய் குடித்த ஷட்டர்

எங்கள் கார் ஷெட்டின் ஷட்டரைப் பெண்களால் தூக்க முடியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட செய்தி. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், மழைக்காலத்தில் மாடி ஜன்னல் இறுகிக்கொள்ளும், ஷட்டர் கனமாக இருக்கும். இதெல்லாம் வீட்டோடு வந்தவை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

வீட்டின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு குறுகலான தெரு. கீழ்த்தளத்தில் நானும் என் கணவரும். மாடியில் அவருடைய தம்பி, தம்பியின் மனைவி. வாசலுக்கு இடப்பக்கம் கார் ஷெட். அதற்கு இரும்புப் பட்டைகளைக் கோத்துச் செய்த சுருள் ஷட்டர், என் மாமனார் வீடு கட்டியபோது போட்டது. பட்டைகள் ஏறி இறங்க இரண்டு ஓரத்திலும் நீளமான இரும்புப் பள்ளம் இருக்கிறது. அதைக் கைடு என்கிறார்கள். மேலே பெட்டிக்குள் ஸ்பிரிங். அது இருப்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. ஷட்டர் நேராகத் தெருவைப் பார்த்துத் திறக்கும். காரைத் தெருவில் விட்டுவைக்க முடியாது. சாதாரண நாளிலேயே ஒரு வண்டி நின்றால் இன்னொன்று ஒதுங்க இடமில்லை. மார்கழியில் கேட்கவே வேண்டாம்.

காரை ஓட்டுவது நான்தான். கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு, குனிந்து எடை தூக்கக் கூடாது, ஸ்டியரிங் பிடித்து உட்காரவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் நான் டிரைவிங் பழகி லைசென்ஸ் எடுத்தேன். காவிரிப் பாலத்து நெரிசலிலும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலும் பதறாமல் ஓட்டுவேன். ஆனால் காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்க மாடியிலிருந்து கொழுந்தனார் இறங்கி வர வேண்டும்.

கார் எனக்கு முக்கியமாகத் தேவைப்படுவது அப்பாவுக்காக. அவர் உறையூரில் தனியாக இருக்கிறார். மகள் வீட்டில் வந்து தங்கமாட்டார். அதைப் பேசிப் பேசி நான் ஓய்ந்துவிட்டேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவருக்கு டயாலிசிஸ். விடிந்ததும் தொடங்கும் முதல் வரிசையில் அவருக்கு இடம். வரத் தாமதமானால் அந்தப் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் யாராவது எழும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆட்டோவிலும் அழைத்துப் போய்ப் பார்த்தோம். திரும்பும்போது அவருக்குத் தலை சுற்றும், சாய்ந்து படுக்க வேண்டும். ஆட்டோவில் அது நடக்காது.

அந்த நாட்களில் கொழுந்தனார் இருட்டோடு இறங்கி வருவார். வேட்டியை மடித்துக் கட்டுவார், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வார், "ரங்கா!" என்று ஒரு குரல் கொடுத்துத் தூக்குவார். ஷட்டர் முனகிக்கொண்டே ஏறும். பாதியில் ஒரு இடத்தில் நிற்கும். அங்கே தோளைக் கொடுத்து இன்னொரு தள்ளு.

"அண்ணி, காபி கொடுத்தாத்தான் மிச்சம் பாதி ஏறும்" என்பார்.

"முழுசா ஏத்துங்க தம்பி, டிபனே தரேன்."

"பாருங்க, கூலியை ஏத்தாம வேலையை மட்டும் ஏத்துறாங்க!"

அவர் செய்த இன்னொரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். சனிக்கிழமைதோறும் மாடி பூஜை அறை விளக்கிலும் எங்கள் விளக்கிலும் எரிந்து மிஞ்சிய எண்ணெயை ஒரு பழைய தேங்காய் எண்ணெய் பாட்டிலில் சேர்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, ஷட்டரின் இரண்டு கைடுகளிலும் மேலிருந்து ஊற்றுவார். "சாமிக்கு எரிஞ்ச எண்ணெயைச் சாக்கடையில விடக் கூடாது. கால்லயும் மிதிபடக் கூடாது. இரும்புல ஊத்தினா புண்ணியத்துக்குப் புண்ணியம், ஷட்டரும் வழவழன்னு ஓடும்" என்பது அவர் கணக்கு. எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

போன மார்கழித் தொடக்கத்தில் அவர் ஒரு செய்தி சொன்னார். துவாக்குடியில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டிருந்த வீடு முடிந்துவிட்டது, தை பிறந்ததும் குடிபோகிறார்கள். நாங்கள் சந்தோஷப்பட்டோம். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தவர். ஆனால் அன்று இரவு சாப்பாட்டின்போது என் மனதில் ஓடியது ஒன்றுதான். தை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஷட்டரை யார் தூக்குவது?

கணவர், "மாசக் கணக்குல ஒரு டாக்ஸி பேசிடலாம்" என்றார்.

"நம்ம காரை உள்ள பூட்டி வச்சுட்டா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

தை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு புதன்கிழமை கொழுந்தனாரின் மனைவி வீட்டில் ஒரு சாவு என்று இருவரும் மருங்காபுரிக்குப் போனார்கள். மறுநாள் காலை நானே கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். முழங்கால் உயரம் வந்தது. அதற்கு மேல் ஏறவில்லை. ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து கோணலாகச் சிக்கிக்கொண்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த கணவர் குனியப் போனார்.

"கை வைக்காதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

கடைசியில் பால்காரரும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். "என்னக்கா, உள்ள யானையா கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பால்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். நான் உறையூர் போய் அப்பாவை ஏற்றிக்கொண்டு புத்தூர் சேர்ந்தபோது அவருடைய படுக்கையில் வேறொருவர் படுத்திருந்தார். அப்பா மதியம்வரை வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. "பேப்பர் முழுசும் படிச்சிட்டேன், விளம்பரம்கூட விடல" என்றார்.  திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலையே திருவானைக்காவலில் இருந்து ஒரு ஷட்டர் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் தெருவில் நின்றபடியே பார்த்தார்.

"இது ஆயுசு முடிஞ்ச ஷட்டரும்மா. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க. மோட்டார் வச்சுத் தரேன், பட்டனைத் தட்டினா போதும்."

"கரண்ட் போனா?"

"சங்கிலி இருக்கும், கையால இழுத்து ஏத்தலாம். கொஞ்சம் நேரம் பிடிக்கும்."

"எப்ப மாட்டுவீங்க?"

"ஏகாதசிக் கூட்டத்துல உங்க தெருவுக்குள்ள என் வண்டியை எவன் விடுவான்? பொங்கல் கழியட்டும்."

சனிக்கிழமையும் பால்காரரையும் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டுத்தான் ஏற்றினேன். பொங்கல் கழிந்தால் கொழுந்தனார் இருக்கமாட்டார். அதுவரைக்குமாவது ஷட்டர் கோணலாகச் சிக்காமல் இருக்கட்டும் என்று ஞாயிறு மதியம் நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய காய்கறிக் கத்தியால் கைடுக்குள் சுரண்டினேன். எதிர்பார்த்தது துரு. வந்தது வேறு. கன்னங்கரேலென்று, பிசின் மாதிரி, கத்தியோடு இழுபட்டு வந்தது. மண்ணும் தூசியும் அதில் ஒட்டி இறுகி, பள்ளத்தின் அகலத்தையே பாதியாக்கியிருந்தன. கொஞ்சத்தை விரலில் எடுத்து முகர்ந்தேன். திரி கருகிய வாசனை, அதோடு லேசாகக் கற்பூரம். எங்கள் பூஜை அறை வாசனை.



மீதியையும் சுரண்டினேன். இரண்டு கைடிலும் எடுத்தது இரண்டு கொட்டாங்கச்சி நிறைய இருந்தது. அதைக் குப்பைத் தொட்டிவரை கொண்டுபோனேன், போட மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் சாமிக்கு எரிந்த எண்ணெய். ஷெட்டின் மூலையில் பழைய டயரின் மேல் வைத்தேன்.

மெக்கானிக்குக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அடடா" என்றார். பிறகு, "வழி அடைச்சிருந்தது சரி. ஆனா அவ்வளவு கனம் அதனால மட்டும் வராது. ஸ்பிரிங்கும் தொய்ஞ்சிருக்கும். நாளைக்கு சைக்கிள்ல வரேன், அதை எவனும் தடுக்க மாட்டான்" என்றார்.

மறுநாள் வந்தார். ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கையை எடுத்தார். தடாலென்று தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா? விட்ட இடத்துல நிக்கணும்மா. அப்பத்தான் ஸ்பிரிங் சுமக்குதுன்னு அர்த்தம். இப்ப மொத்தத்தையும் ஆள்தான் சுமக்கணும். யாரு இவ்வளவு நாளா தூக்கினது?"

"என் கொழுந்தனார்."

"அவரை ஒரு தடவை பாக்கணுமே!"

பெட்டியைத் திறந்து ஸ்பிரிங்கை முறுக்கேற்றி, கிரீஸ் போட்டார். வாசல் தெளிக்கும் தண்ணீர் தினமும் பட்டுப் பட்டு அடிப்பட்டைகள் மூன்று துருவேறி வளைந்திருந்தன. அவற்றை மாற்றினார். கைடுகளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, "எங்க, நீங்க தூக்குங்க" என்று விலகி நின்றார்.

இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினேன். ஷட்டர் என்னைவிட வேகமாக ஏறியது. இறக்கினேன். இன்னொரு முறை, ஒரு கையால். ஏறியது. பாதியில் விட்டேன். அங்கேயே நின்றது.

"போச்சு, என் மோட்டார் வியாபாரம் போச்சு" என்று அவர் சாமான்களைப் பைக்குள் போட்டார்.

உள்ளே வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எண்ணெய் விஷயம் மட்டும் தம்பிக்குத் தெரிய வேண்டாம். போற நேரத்துல எதுக்கு அவன் மனசு சங்கடப்படணும்?" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஷட்டர் சரியாகிவிட்டது, அவரும் போகப்போகிறார், சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள், முந்தின இரவுதான் மருங்காபுரியிலிருந்து திரும்பியிருந்த கொழுந்தனார் இறங்கிவிட்டார். வேட்டி மடித்தாயிற்று, கை தேய்த்தாயிற்று. "தம்பி, இருங்க" என்று நான் வாயெடுப்பதற்குள் "ரங்கா!" என்று முழுப் பலத்தையும் போட்டுத் தூக்கினார். ஷட்டர் சுருட்டிக்கொண்டு பறந்து போய் மேலே பெட்டியில் இடித்தது. தெரு முனையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. கையை உயரத் தூக்கியபடி, பிடிக்க ஒன்றுமில்லாமல் அவர் நின்றார்.

"அண்ணி! என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"சர்வீஸ் பண்ணினேன் தம்பி. ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சாம்."

"சர்வீஸா? அதான் வாராவாரம் நான் பண்ணிட்டிருக்கேனே!"

நான் காரில் ஏறிக்கொண்டேன். அன்று படுக்கை அப்பாவுக்குக் கிடைத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கொழுந்தனார் பாட்டிலோடு நிற்கிறார்.

"வேண்டாம் தம்பி. மெக்கானிக் எல்லாம் போட்டுட்டுப் போயிருக்கார்."

"அவர் போட்டது கடைச்சரக்கு அண்ணி. இது சாமி எண்ணெய். போகும்போது கடைசியா ஒரு தடவை நான் ஊத்திட்டுப் போறேன். அப்புறம் நீங்க பாத்துக்குங்க. அங்க புது வீட்டுல ஸ்லைடிங் கேட் போட்டிருக்கேன். கீழ தண்டவாளம் மாதிரி நீளமா ஓடுது, அதுக்கு நல்லா ஊத்தலாம்."

என் கணவர் வாசலில் நின்று, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். நான் அப்பாவின் வீங்கிய காலை நினைத்துக்கொண்டேன். புது வீட்டு கேட்டையும் நினைத்துக்கொண்டேன். ஷெட்டின் மூலைக்குப் போய்க் கொட்டாங்கச்சிகளை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இது என்ன?"

"கைடுக்குள்ள இருந்தது. மோந்து பாருங்க."

முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். முகம் மாறியது.

"நம்ம விளக்கு."

"ஆமா தம்பி."

அவர் கொட்டாங்கச்சியையும் கைடையும் கையில் இருந்த பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா, நான் ஊத்தினதை நானேதான் தூக்கிட்டிருந்தேனா?"

என் கணவர் முதலில் இருமுவது போலத்தான் ஆரம்பித்தார். பிறகு அடக்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காதீங்கண்ணே, முதுகு பிடிச்சுக்கும்!" என்று அதட்டியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அது சீக்கிரம் நின்றது. "அன்னிக்கு உங்க அப்பாவுக்கு நேரம் தப்பினது இதனாலதானே அண்ணி?" என்று கேட்டார்.

"ஸ்பிரிங்கும்தான் காரணம்" என்றேன். அது உண்மை. பாதி உண்மை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். பாட்டில் மூடியை இறுக்கிக் கையோடு எடுத்துக்கொண்டார்.

கொட்டாங்கச்சிகளை என்ன செய்வது என்பது அப்படியே நின்றது. காவிரியில் விட்டால் பாவம், குப்பையில் போட்டால் அதைவிடப் பாவம். போகியன்று விடியற்காலை அவரே வழி கண்டுபிடித்தார். கிழிந்த பாயும் பழைய துடைப்பமும் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் கொட்டாங்கச்சிகளைச் சாய்த்தார். பாட்டிலில் இருந்ததையும் ஊற்றினார். எண்ணெய் குப்பென்று பிடித்து உயரமாக எரிந்தது. மறுபடியும் சாமிக்கு எரிகிற மாதிரிதான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர், "பரவாயில்லையே, உங்க போகிதான் இந்தத் தெருவுலயே பிரகாசம்" என்றார்.

தை பிறந்த வாரத்திலேயே அவர்கள் குடிபோனார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் மாடிப்படியில் சத்தம் எதுவும் இல்லை. நான் ஷட்டரைத் தூக்கினேன், காரை வெளியே எடுத்தேன், இறங்கி ஷட்டரை இழுத்து மூடிப் பூட்டினேன். சாவியைப் பைக்குள் போடும்போது போன் அடித்தது.

"ஏறிச்சா அண்ணி?"

"ஏறி, இறங்கி, பூட்டியும் ஆச்சு தம்பி."

"ஒரு கையாலயா?"

"ஒரு கையாலதான். சரி வைங்க, அப்பா கிளம்பி வாசல்ல நிப்பார்."