கேமரா மேல் போட்ட துவர்த்து

குவைத்தில் இருக்கும் என் கணவர் எங்கள் ஊர் புதுக்கடையில் உள்ள வீட்டு முற்றத்தில் கேமரா வைத்தார். நான் வாசலைத் தாண்டினாலே, “ஏட்டி, எங்க போற?” என்று போன் வரும். எரிச்சலில் தலை துவட்டும் துவர்த்து ஒன்றைப் போட்டுக் கேமராவை மூடிவிட்டு, ரிப்பேர் என்று புளுகினேன்.

போன மாதம் முற்றத்துக் கொட்டகையில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போனில் அவர் கத்தினார்.

“ஏட்டி, கொட்டகையில தீ. ஓடு.”

ஓடிப்போய் அணைத்தேன். நாலு ஷீட் கருகியதோடு தப்பித்தோம். காற்றில் விழுந்த துவர்த்து முற்றத்தில் கிடந்தது. படம் தெரிகிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ரிப்பேர் பற்றி இன்றுவரை கேட்கவில்லை.

இப்போது வெளியே கிளம்பினால் கேமராவைப் பார்த்து நானே சொல்லிவிடுகிறேன்: “சந்தைக்குப் போயிட்டு வாறேன்.”