மூலைத் துண்டுகளின் ஜோடி

தாம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துச் சிறுபிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். பார்ப்பவர்களுக்கு அது வகுப்பாகத் தெரியாது. கொடியிலிருந்து எடுத்த துணிக்குவியலில் பிள்ளைகள் சாக்ஸுக்கு ஜோடி தேடுவார்கள். கத்திரிக்காயை ஒரு கையிலும் உருளைக்கிழங்கை மறு கையிலும் ஏந்தி, எது கனம் என்று வழக்காடுவார்கள். கல்லூரியில் உயர்கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றிருந்த நான், அடுத்த அறையில் அந்தக் கூச்சலுக்குப் பழகியிருந்தேன்.

இந்த ஆண்டு கோடையில் அவள் இறந்தாள். அதன் பின் மாலைகளில் வீடு மிகவும் அமைதியாக இருந்தது. வகுப்பைத் தொடர முடியுமா என்று பெற்றோர் கேட்டபோது, யோசிக்காமல் சம்மதித்தேன்.

முன்னறையில் ஒரு கரும்பலகை மாட்டினேன். எண்களை வரிசையாக எழுதி, முறையாக விளக்கினேன். பிள்ளைகள் கைகட்டி, ஆராதனையில் அமர்ந்திருப்பதுபோல் அமர்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். டிசம்பர் பிறந்தபோது நால்வரே மிஞ்சினர். விடுமுறையோடு வகுப்பை முடித்துவிடலாம் என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மகள் அந்த நால்வரில் ஒருத்தி.

“கொஞ்சம் பாருங்க சார். இவ வேற எங்கயும் போக மாட்டேங்கறா” என்றாள்.

மறுநாள் அந்தச் சிறுமியே கேட்டாள்: “சார், டைமண்ட் கட் எப்போ?”

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்பு, தேய்த்த மைதா மாவைப் பிள்ளைகள் பிளாஸ்டிக் ஸ்கேலால் டைமண்டுகளாக வெட்டுவார்கள். என் மனைவி அவற்றைப் பொரித்து டப்பாக்களில் கொடுத்தனுப்புவாள். சாவு நேர்ந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பது எங்கள் குடும்பங்களில் வழக்கமில்லை. நட்சத்திரமும் கட்டுவதில்லை.

“இந்த வருஷம் எங்க வீட்ல பலகாரம் இல்லம்மா.”

அவள் சற்று யோசித்தாள். “பலகாரம் வேணாம் சார். வெட்டறது மட்டும்.”

அழைத்துப்போக வந்திருந்த அவள் அம்மா சிரித்துவிட்டாள். “வெட்டிட்டு? பச்ச மாவ திம்பியாடி?”

“நீ நம்ம வீட்ல பொரி.”

அந்தப் பெண் தயக்கத்தோடு என்னைப் பார்த்தாள். வழக்கத்துக்கு அதில் பங்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை; சரி என்றேன்.

மறுநாள் அவளே மாவு பிசைந்துவந்தாள். பல்லாவரம் சந்தையில் என் மனைவி வாங்கிய மரப்பலகையை இறக்கி, மாவை நீள்சதுரமாகத் தேய்த்தோம். ஓரங்களில் சம இடைவெளியில் புள்ளிகள் வைத்தது மட்டும் என் வேலை. பிள்ளைகள் புள்ளிக்குப் புள்ளி சாய்வாக வெட்டினார்கள். ஓரமெங்கும் முக்கோணங்கள் மிஞ்சின. அவற்றைத் திரட்டி மறுபடி உருட்டக் கைநீட்டினேன்.

“ஐயோ, எடுக்காதீங்க சார்! அதுக்கு ஜோடி இருக்கு.”

அந்தச் சிறுமி ஒன்றோடு மற்றொன்றைப் பொருத்திப் பார்த்தாள். பக்கத்திலிருந்த பையன் ஒப்பவில்லை. “சேராது. இது குண்டு, அது ஒல்லி.”

“நீதான் குண்டு. மேல இருக்கறதுக்குக் கீழ இருக்கறதுதான்டா ஜோடி. மிஸ் சொல்லல?”

மேல்ஓரத்துத் துண்டும் கீழ்ஓரத்துத் துண்டும் சேர்ந்து முழு டைமண்ட் ஆயின. பிறகு இடமும் வலமும். பிள்ளைகள் மாவுக்கையோடு கூச்சலிட்டார்கள். அந்த அறையில் அந்தச் சத்தம் கேட்டு மாதங்களாகியிருந்தன.

பலகையின் நான்கு மூலைகளிலும் சின்னஞ்சிறு துண்டுகள் கிடந்தன.

“இதுக்கெல்லாம் ஜோடி எங்க?” என்று கேட்டேன்.

இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தார்கள்; டைமண்ட் ஆகவில்லை. “சார், நீங்க சொல்லுங்க” என்றான் பையன். விடை தெரிந்தும் வாயைத் திறக்காமலிருப்பது, இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் நான் பழகாத ஒன்று. காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, அதுவரை வாய் திறக்காத ஒரு குழந்தை நான்கையும் ஒன்றாக நகர்த்தி, நடுவில் விரல் வைத்து அழுத்தினாள்; ஒரு முழு டைமண்ட் ஆனது.

மாலையில் எதிர்வீட்டிலிருந்து பொரித்த டைமண்டுகள் டப்பாவில் வந்தன. மேலாக, நான்கு துண்டுகள் ஒட்டிய கோடுகள் நடுவில் கூடும் அந்த ஒன்று இருந்தது.

“ஜனவரில கிளாஸ் உண்டா சார்?” என்றாள் அந்தப் பெண். “விட்டுப்போன பிள்ளைங்களும் கேக்குதுங்க.”

“உண்டும்மா. பழைய சாக்ஸ் இருந்தா கொடுத்தனுப்பச் சொல்லுங்க” என்றேன்.