மனைக்கு மட்டும் விலை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது: ‘அப்புறம்’. மகள் பள்ளியில் படிக்கும்போது வைத்த பெயர். குழாய் ஒழுகினாலும் அப்புறம், ஜன்னல் சாத்த வராவிட்டாலும் அப்புறம். சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. காலை ஆறு மணிக்கே, ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிறவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். நாள் முழுக்க அடுத்தவர் தப்புக்குப் பிரேக் போட்டுவிட்டு வருகிற மனிதருக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் எதையும் கண்கொண்டு பார்க்கப் பிடிக்காது.

மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம் குளியலறைக் குழாயில் கசிவு தொடங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்ததை, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவிதான் முதலில் கவனித்தார்.

“ஏங்க, ப்ளம்பரக் கூப்பிட்டா அரை நாள் வேலை.”

“டைல்ஸ உடைக்கணும்பான். ஒண்ண உடைச்சா இன்னொண்ணு ஆடும். பொண்ணு பீஸ கட்டி முடிச்சுட்டு பாத்துக்கலாம்.”

பீஸ் கட்டி முடிந்தது. மகளுக்குக் கல்யாணமும் முடிந்தது. ஈரம் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தது. மாஸ்டர் மர அலமாரியை இழுத்து அதன் முன்னால் நிறுத்தினார். கண்ணுக்குத் தெரியாமல் போனதும் பிரச்சினையே தீர்ந்த மாதிரி நிம்மதியாக இருந்தது.

பக்கத்து வீடும் இவர் வீடும் ஒரே மேஸ்திரி ஒரே வருஷத்தில் கட்டியவை. அங்கிருந்த மருந்துக்கடைக்காரர் வருஷா வருஷம் மொட்டை மாடியில் ஏறி விரிசல்களை அடைப்பார். “மாடிக்கு மேக்கப் போடறாரு” என்று மாஸ்டர் கிண்டல் செய்வார். அந்த வீடு ஒரே வாரத்தில் நல்ல விலைக்குப் போனது. மாஸ்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். தன் வீட்டுக்கும் அதே விலை கிடைக்காமல் எங்கே போகும்? மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. விற்றுவிட்டு அவள் தெருவிலேயே ஒரு வீடு வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

சுவர்களுக்கு வெளிர் மஞ்சள் பெயிண்ட் அடித்தார். அலமாரியை மட்டும் நகர்த்தவில்லை. வாங்க வந்த இளம் தம்பதிக்கு வீடு பிடித்துப்போனது. வங்கிக் கடனுக்காக மதிப்பீட்டாளர் ஒரு பெண்மணி வந்தார். அதிகம் பேசவில்லை. சாவியால் சுவரை அங்கங்கே தட்டிக்கொண்டே போனார். படுக்கையறையில் நின்றார்.

“சார், இந்த அலமாரிய கொஞ்சம் நகத்த முடியுமா?”

“உள்ள துணிமணி இருக்கும்மா. வெயிட்டு ஜாஸ்தி.”

“நாங்க ஒரு கை பிடிக்கிறோம் சார்” என்றான் வாங்க வந்த பையன்.

இழுத்தார்கள். அலமாரியின் பின்பலகை சுவரோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. பிறகு சுவர்ப்பூச்சையும் பெயர்த்துக்கொண்டு பொலபொலவென்று சரிந்தது. செங்கல் ஊறிக் கறுத்திருந்தது. மேலே உத்தரத்தில் துருப்பிடித்த கம்பி பொரிந்து வெளியே தெரிந்தது. மாஸ்டருக்குக் காது சுட்டது.

“மனைக்கு மட்டும்தான் சார் என்னால விலை போட முடியும்” என்றார் மதிப்பீட்டாளர், தணிந்த குரலில். “கட்டடத்துக்கு ஒண்ணும் எழுத முடியாது.”

அவர்கள் போன பிறகு மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷம் வாழ்ந்த வீட்டுக்கு மதிப்பு ஒன்றுமில்லையாம். மனைவி குனிந்து உதிர்ந்ததைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“நான்தான் அன்னைக்கே சொன்னேனேன்னு ஒரு வார்த்தை கேட்டுடேன்” என்றார் மாஸ்டர்.

“கேட்டு கேட்டு அலுத்துப்போச்சுங்க. எட்டு வருஷமா நான் கால்மாட்டுப் பக்கம் தலைய வெச்சு படுக்கறேன். அந்தச் செவுத்து நாத்தத்துல எனக்கு மூச்சு முட்டும். எப்பவாவது ஏன்னு கேட்டீங்களா?”

அவர் கேட்டதில்லை. தூக்கத்தில் புரண்டு படுக்கிறாள் என்றே நினைத்திருந்தார்.

மறுநாள் பள்ளிக்கு லீவு சொன்னார். வேலையில் சேர்ந்த பிறகு உடம்புக்கு முடியாதபோதுகூட அவர் எடுக்காத லீவு. ப்ளம்பர் டைல்ஸை உடைத்து, கட்டைவிரல் அளவு முழங்கைக் குழாய் ஒன்றைக் கழற்றிக் கையில் கொடுத்தார். “இதுதான் சார்.” மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்காகச் சுவரை இடித்துக் கட்டி, கம்பியைச் சுரண்டி, உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்து வேலை முடிய ஐந்து மாதம் பிடித்தது. சேமிப்பு கரைந்தது.

அடுத்து வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. மாஸ்டரே அவரைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய், எது பழைய சுவர், எது புதுசு, எதனால் என்று விவரமாகச் சொன்னார். பில்களையும் நீட்டினார்.

“இதையெல்லாம் நான் கேக்கவே இல்லையே சார்?”

“நீங்க கேக்கலன்னாலும் சொல்லணும்மா.”

ஆசிரியை வாங்கிக்கொண்டார். ஆனாலும் பக்கத்து வீட்டு விலையில் முக்கால்வாசிதான் கிடைத்தது. ஒருமுறை ஊறிய சுவர் என்றால் வாங்குகிறவர் மனசில் ஒரு ஓரம் அரித்துக்கொண்டேதான் இருக்கும்.

அந்தப் பணத்துக்கு மகள் தெருவில் வீடு கிடைக்கவில்லை. ஏழு ஸ்டாப் தள்ளி இரண்டு அறை கிடைத்தது. தினமும் சாயங்காலம் வேலை விட்டதும் இருவரும் பஸ் ஏறிப் பேத்தியைப் பார்க்கப் போகிறார்கள். ஜன்னலோர சீட்டில் மனைவி உட்காருவார். கூட்டம் அதிகமானால் மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போவார். “கால் வலிக்குதா?” என்று மனைவி கேட்டால், “இல்லம்மா, உனக்கு வெயில் படுதா?” என்று அவர் திருப்பிக் கேட்பார்.