அர்ஜுனன் வண்டிக்கு ஒரு படுக்கை

என் வீட்டுக்காரர் ஜெபகுமார் யாரைப் பார்த்தாலும் முதலில் கீழே படுக்கச் சொல்வார். பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரம் வெள்ளைகேட் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் ஷெட் வைத்திருக்கிறார். எந்த வண்டி வந்தாலும் அதன் டிரைவரைச் சிமெண்ட் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் தோளோரத்திலும் சாக்பீஸால் கோடு போடுவார். அந்தக் கோட்டுக்குள் அடங்குகிற அளவில் சீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கை கட்டிக் கொடுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

காரணம் என் மாமனார் யேசுதாஸ். ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர், ஸ்டீயரிங் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கித் தூங்கி, கடைசியில் கழுத்து நேராக நிற்காமலே போய்ச் சேர்ந்தார். மகனுக்கு அது மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

புதுவண்டி வேலையைவிட அவருக்குப் பிடித்தது அரைவண்டி வேலைதான். விபத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் வளைந்துவிடும், கேபின் நசுங்கிவிடும், ஆனால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கம்பெனியிலிருந்து இன்ஜின் இல்லாத புது சேசிஸ் வரும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பழைய இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அதில் இறக்கிப் பூட்டி, மேலே புதுக் கேபினும் பாடியும் கட்ட வேண்டும். இன்ஜின் முதல் தடவை உறுமும்போது மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் பிரசவத்துக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை. இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஷெட்டில் கட்டுவது போதாதென்று வீட்டிலும் கட்டுவார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்து, ஃபோம் ஷீட்டில் குட்டி லாரி செய்வார். நான் பட்டுத்தறிக்குக் குழலில் நூலேற்றித் தார் சுற்றுகிறவள். என் பிளாஸ்டிக் குழல் ஒன்று காணாமல் போனால் நேரே போய் அவர் லாரியின் டீசல் டேங்கைத்தான் பார்ப்பேன். அங்கே இருக்கும்.

போன வருடம் தாமலைச் சேர்ந்த பிரேம்நாத்தின் லாரி வந்தது. நெல் லோடு ஓடிக்கொண்டிருந்த வண்டி. குறுக்கே வந்த மாட்டுக்காக ஸ்டீயரிங்கை ஒடித்ததில் பாலத்துச் சுவரில் மோதி உருக்குலைந்திருந்தது. டிரைவர் அர்ஜுனன் தென்னேரிக்காரன், சாது. சாமி புண்ணியத்தில் சிராய்ப்போடு தப்பித்திருந்தான். புது சேசிஸ் வந்து இறங்கியதும் இவர் வழக்கம்போல அவனைத் தரையில் கிடத்தி அளந்தார். அவனும் சொன்னபடி படுத்து எழுந்து போனான்.

பிரேம்நாத் ஒத்துக்கொள்ளவில்லை. “இன்னா மேஸ்திரி, பழைய வண்டியில ஏது படுக்கை? கேபின ரெண்டடி பின்னால தள்ளினா எத்தினி மூட்டை அடிபடும் தெரியுமா? அதெல்லாம் வாணாம்.”

என் வீட்டுக்காரர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். வாயால் சொல்லி ஆகாததைக் கையால் சொல்லலாம் என்று, அதே லாரியைக் குட்டியாகச் செய்ய உட்கார்ந்தார். என் புது ரவிக்கைத் துணியின் ஓரத்தை வெட்டி மெத்தை தைத்தார். நான் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். களிமண்ணில் ஒரு டிரைவரைப் பிடித்து அதன் மேல் படுக்கவும் வைத்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கே கோபம் வரவில்லை. அந்தப் பொம்மை அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியது.

அதை ஷெட்டில் பிரேம்நாத்தின் கையில் கொடுத்தபோது நான் சாப்பாட்டுக் கூடையோடு நின்றிருந்தேன். அவர் கேபின் கதவைத் திறந்து, பொம்மையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“சரி மேஸ்திரி, ஜெயிச்சிட்ட. படுக்கை இருக்கட்டும். இருந்தா நாசிக் வெங்காய லோடே புடிச்சிடலாம். உள்ளூர் நெல்லுல இன்னா காசு இருக்குது?”

எங்கள் ஆளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டுக்கறி வாங்கி வந்து, நான் குழம்பு வைக்க வைக்க அந்தப் படுக்கையின் பெருமையையே பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அர்ஜுனன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். டீ கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

“இன்னா அர்ஜுனா, சந்தோஷம்தானே?” என்று இவர் கேட்டார்.

“அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் படுக்கை வாணாம்ணா.”

“ஏம்பா?”

“படுக்கை இல்லாத வண்டின்னுதான் இத்தினி நாளும் என்னத் தூரத்து லோடுக்கு அனுப்பல. நெல்ல ஏத்திக்கினு மில்லுல போட்டுட்டு சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடறேன். நாசிக்னா எப்ப வருவேன், எப்ப போவேன்? எம் பொண்ணு என் வயித்து மேல படுத்தாதான்ணா தூங்குது. நான் லேட்டா போனா அது வரைக்கும் முழிச்சிக்கினு இருக்குது. போவ மாட்டேன்னு ஓனர் கிட்ட சொன்னா வேற டிரைவரப் போட்டுடுவாரு. நீங்க சொன்னாதான் கேப்பாருண்ணா.”

டீ ஆறிப்போயிருந்தது. அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவன் கிளம்பினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. இவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போனேன்.

பிரேம்நாத்துக்குப் போன் போட்டு வரவழைத்து, வேலையாட்கள் எல்லோரும் இருக்கும்போதே சொன்னார்.

“சார், அந்தப் படுக்கை வாணாம். நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி. நெல்லுக்கு எடம் முக்கியம். நான் எடுத்த அளவு தப்பாயிடுச்சு.”

பிரேம்நாத் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். “உனக்கே அளவு தப்பிச்சிதா? ரெண்டு வாரமா என் உயிர வாங்கின! பொம்மை செய்யறதோட நிறுத்திக்க மேஸ்திரி. எப்படியோ, எனக்கு ரெண்டடி லாபம். பழையபடி நெல்லே ஓட்டிக்கறேன்.”

வெல்டிங் பையன்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு நூல் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி கட்டுகிற மனுஷன் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கேபின் படுக்கை இல்லாமல்தான் கட்டப்பட்டது. அர்ஜுனன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான், சாயங்காலம் திரும்புகிற வேலையோடு.

அவன் போன அன்று வீட்டில் வைத்துச் சண்டை பிடித்தேன். “எதுக்குப்பா அப்படிச் சொன்ன? வேற சாக்கு கெடைக்கலையா உனக்கு? உன் அளவு என்னிக்காவது தப்பியிருக்குதா? ஊரே சிரிக்குது.”

அவர் கைகழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பொய் சொல்லிவிட்டு வந்தவர் முகமாக அது இல்லை.

“நெஜமாவே தப்புதான் சிம்ரன். ஒரு ஆளுன்னு நெனச்சு அளந்துட்டேன். அங்க ரெண்டு பேரு படுத்துக்கினு இருந்தாங்க.”